மணல்மேட்டுக்குப் பதினாலு நாற்காலி

அந்தக் கட்சியில ஜனாதிபதி வேட்பாளர் ஆகுறதுக்கு ரெண்டு பேர் போட்டி. ஒருத்தங்க பூங்கோதையம்மா, இன்னொருத்தர் மருதப்பன். மாவட்டத்துக்கு மாவட்டம் கட்சிக்காரங்க வோட்டுப் போட்டு பிரதிநிதிங்களை அனுப்புவாங்க. அவங்க மாநாட்டுல உக்காந்து கை தூக்குனாத்தான் வேட்பாளர். இது நடந்தது மாநாட்டுக்கு முதல் நாள்.

உள்ள யாரு உக்காரலாம், யாரு உக்காரக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்றது குழல்மொழி டீச்சர். முன்னாடி பள்ளிக்கூடத்துல கணக்கு எடுத்தவங்க. வயசு முப்பத்தெட்டு. ரெண்டு கோஷ்டியும் திட்டுற ஒரே ஆள் அவங்கதான். அதனாலயே ரெண்டு கோஷ்டியும் நம்புற ஒரே ஆளும் அவங்கதான்.

அவங்களுக்கு ஒரு சிஷ்யன். வக்கீல் இசக்கிமுத்து, அம்பது வயசு. கோர்ட்டுல வாதாடி வாதாடி நியாயமே மறந்துபோச்சுன்னு சொல்லி, கவுனை மடிச்சு வச்சிட்டு டீச்சர்கிட்ட கத்துக்க வந்தவரு. டீச்சர் அவரை அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க. மூணு வருசம் ஆச்சு. வர்ற மனுக்களை முதல்ல பாத்து, நிக்காததைத் தள்ளுறது அவரு வேலை; மிச்சத்துக்குத் தீர்ப்பு டீச்சரோடது. கத்துக்கிட்டது எவ்வளவுன்னு தெரியாது, கோவம் மட்டும் குறையல.

அன்னைக்குக் காலையில மாநாட்டுப் பந்தல்ல பதினாலு நாற்காலியைச் சுத்திக் கயிறு கட்டியிருந்தாங்க. மணல்மேடு மாவட்டத்தோட இடம். கட்சி குறிச்ச தேதிக்கு ஒன்பது நாள் முன்னாடியே அவங்க வோட்டெடுப்பை முடிச்சிட்டாங்க. தேர்த்திருவிழா வந்தா ஊரே வடம் பிடிக்கப் போயிடுமாம். குறிச்ச தேதிக்கு முன்னாடி வச்சா மாநாட்டுல இடம் கிடையாதுன்னு கட்சி விதி. அந்தப் பதினாலு பேரும் பூங்கோதையம்மா ஆளுங்க.

கயித்துக்கு வெளிய, தரையில, அந்தப் பதினாலு பேரும் உக்காந்திருந்தாங்க. அவங்கள்ல தவமணின்னு ஒரு அம்மா இசக்கிமுத்துவைப் பாத்ததும் எந்திரிச்சாங்க.

"என்ன வக்கீலய்யா, வெறும் நாற்காலிக்குக் காவல் போட்டிருக்கீங்க? அது எங்கயும் ஓடாது."

"பொறும்மா. இன்னைக்கு அவுத்துடுவேன்."

"நேத்தும் இதத்தான சொன்னீங்க?"

பூங்கோதையம்மாவுக்காக ரெண்டு வருசம் ஊர் ஊரா அலைஞ்சவரு இசக்கிமுத்து. மணல்மேடு உள்ள வந்தா அம்மா பதினொரு வோட்டுல ஜெயிப்பாங்க. வரலைன்னா மூணு வோட்டுல தோப்பாங்க. நேரா டீச்சர் ரூமுக்குப் போனாரு. செருப்பைக் கழட்டக்கூட மறந்துட்டாரு.

"டீச்சர், சட்டம் மனுசனுக்கா, காலண்டருக்கா?"

டீச்சர் டீ குடிச்சிட்டிருந்தாங்க. "உக்காருங்கண்ணே."

"உக்கார வரல. வேகாத வெயில்ல வரிசையில நின்னு வோட்டுப் போட்டிருக்காங்க. அவங்களைத் தரையில உக்கார வச்சிருக்கோம். வெக்கமா இல்ல?"

"மணல்மேட்டை உள்ள விடணும்ங்கிறீங்க."

"விட்டே ஆகணும்."

"அப்போ தீர்ப்பை நீங்களே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

இசக்கிமுத்து இதை எதிர்பாக்கல. ஒரு நிமிசம் முழிச்சாரு. அப்புறம் பேனாவை எடுத்தாரு.

டீச்சர்கிட்ட ஒரு வழக்கம் உண்டு. தீர்ப்பு எழுதும்போது மாவட்டத்தோட பேரை எழுதக்கூடாது. அந்த இடத்துல கோடு போட்டுட்டு, எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியிலதான் பேர். இசக்கிமுத்து அப்படியே எழுதுனாரு. கை பறந்துச்சு.

'வோட்டெடுப்பு ஒழுங்கா நடந்திருக்கு. கள்ள வோட்டுன்னு ஒரு புகார் கூட இல்ல. தேதியை மாத்துனது மாவட்ட நிர்வாகிங்க, வரிசையில நின்ன ஜனங்க இல்ல. எவனோ செஞ்ச தப்புக்கு ஜனங்களைத் தண்டிக்கக் கூடாது. அதனால ______ மாவட்டப் பிரதிநிதிங்களை உக்கார வைக்கணும்.'

டீச்சர் ரெண்டு தடவை படிச்சாங்க.

"அருமையா இருக்குண்ணே. ஒரு எழுத்தை மாத்த வேண்டாம்."

பேனாவை வாங்கி, கோட்டு மேல பேரை எழுதி, பேப்பரை இவர் பக்கம் திருப்பி வச்சாங்க.

கல்லாறு.

"டீச்சர்! ஊர் மாறிப்போச்சு."

"ஏன், கல்லாறும் முன்னாடியே வச்சவங்கதானே? எட்டு நாளு."

"அவங்க மனுவைத்தான் போன வாரமே தள்ளியாச்சே."

"தள்ளுனது யாரு?"

"நான்தான்."

"என்னன்னு எழுதித் தள்ளுனீங்க?"

இசக்கிமுத்து தொண்டையைச் செருமிக்கிட்டாரு. "தேதின்னா தேதிதான்னு."

"அவங்க எதுக்காக முன்னாடி வச்சாங்களாம்?"

"ஆத்துல வெள்ளம் வந்தா பாலம் முழுகிடும்னு."

"முழுகுச்சா?"

"முழுகுச்சு."

கல்லாத்துக்கு இருபது நாற்காலி. இருபதும் மருதப்பனுக்கு.

"அது வேற கேஸ், இது வேற கேஸ் டீச்சர்."

"சரிண்ணே." டீச்சர் ஒரு வெள்ளைப் பேப்பரை நீட்டுனாங்க. "என்ன வேறன்னு எழுதுங்க. பேரை மட்டும் விட்டுடுங்க."

இசக்கிமுத்து எழுதுனாரு. திருவிழான்னு எழுதுனாரு. வெள்ளத்துக்குப் பக்கத்துல அதை வச்சுப் பாத்தாரு, அடிச்சாரு. வோட்டுப் போட்ட ஆளுங்க எண்ணிக்கைன்னு எழுதுனாரு. கல்லாத்துலதான் கூட்டம் ஜாஸ்தி. அதையும் அடிச்சாரு. எட்டு நாளுக்கும் ஒன்பது நாளுக்கும் நடுவுல ஏதாவது மாட்டுமான்னு யோசிச்சாரு. மாட்டுனாலும் அது கல்லாத்துக்குத்தான் சாதகம். கடைசியா ஒரே ஒரு வித்தியாசம் மிச்சம் இருந்துச்சு. அதைப் பேப்பர்ல எழுத முடியாது.

பேனாவைக் கீழ வச்சிட்டு விரல் விட்டு எண்ணுனாரு.

"ரெண்டு ஊரையும் உள்ள விட்டா மருதப்பன் ஒன்பது வோட்டுல ஜெயிக்கிறாரு."

"ம்."

"ரெண்டையும் வெளிய நிறுத்துனா மூணு வோட்டுல ஜெயிக்கிறாரு."

"ம்."

"இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"கணக்கு டீச்சர்ண்ணே நான்."

இசக்கிமுத்து அப்பதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. அப்புறம் தோள்ல கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சிக்கிட்டாரு.

"அவ்வளவுதான் டீச்சர். எல்லாம் முடிஞ்சு போச்சு."

"என்ன முடிஞ்சு போச்சு?"

"அம்மா தோத்துட்டாங்க. இனி அந்தப் பதினாலு பேர் உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன? எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

டீச்சர் கல்லாறுங்கிற பேரை அடிச்சிட்டு, பக்கத்துல மறுபடியும் ஒரு கோடு போட்டாங்க. பேப்பரையும் பேனாவையும் அவர் முன்னாடி தள்ளி வச்சாங்க.

"இப்ப சொல்லுங்கண்ணே. மணல்மேட்டுக்காரங்களுக்கு நாற்காலி வேணுமா, வேண்டாமா?"