மிச்சமிருந்த பதினோரு தென்னை

குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். குரு சதாநந்தருக்கு நாற்பது. சீடர் பொன்னுரங்கத்துக்கு ஐம்பது. நூல் மில்லில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர். முதலாளி மகனோடு ஒத்துப்போகாமல் வேலையை விட்டு ஏழு மாதம் ஆகிறது.

அன்றிலிருந்து வேலை தேடுவதையே வேலையாகச் செய்தார். விடியும் முன்பே கம்ப்யூட்டரைத் திறந்துவிடுவார். ஒரு நாளைக்கு நாற்பது விண்ணப்பம். சோறு எதிரே ஆறிக் கிடக்கும். போன வாரம் ஒரு நேர்காணலில், "உங்க கம்பெனியில சேரணும்னு ரொம்ப நாள் ஆசைங்க" என்று சொல்லி, வேறொரு கம்பெனியின் பெயரைச் சொல்லிவிட்டார்.

இன்று காலை ஆசிரமத்துக்கு வந்தார்.

"திங்கட்கிழமை இன்னொரு இன்டர்வியூங்க சாமி. இதையும் கோட்டை விட்டா, வயசாயிருச்சுன்னு ஒதுக்கிப் போடுவாங்க. இன்னும் எப்படித்தானுங்க முயற்சி பண்றது?"

குரு தோட்டத்தைக் காட்டினார்.

"முப்பது தென்னை இருக்குது. மோட்டாரைப் போட்டுத் தண்ணி கட்டுங்க. கோடைக் கிணறு. குழாய்ல தண்ணி மெலிஞ்சா நிறுத்திப்போடுங்க. ஊறட்டும்."

பத்தொன்பது தென்னை முடிந்தபோது தண்ணீர் மெலிந்தது. இன்னும் பதினொன்றுதானே என்று பொன்னுரங்கம் நிறுத்தவில்லை. எதையும் பாதியில் விடுவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. குழாய் காற்றைக் கக்கியது. வாய்க்காலில் இருந்ததை மண்வெட்டியால் வழித்து வழித்துத் தள்ளினார். கருகல் வாடை வந்தது. மோட்டார் ஒரு முக்கு முக்கி நின்றது.

அலறியடித்து ஓடினார். மோட்டார் அறை வாசலிலேயே குரு உட்கார்ந்திருந்தார்.

"மோட்டார் எரிஞ்சு போச்சுங்க சாமி! கருகற வாசம் வந்தப்போ நீங்க இங்கதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"ஏழு மாசமா உங்க ஊட்டுக்காரம்மா கொஞ்சம் நிறுத்துங்கன்னு சொல்லிட்டுத்தானே இருக்காங்க? நேத்து எனக்குப் போன் பண்ணி அழுதாங்க."

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"பயமுங்க சாமி. ஒரு நாள் நிறுத்தினாலும் அத்தோட எல்லாம் நின்னு போயிருமோன்னு."

"தெரியுமுங்க. சாப்பிட்டுப் படுங்க."

படுத்தவர் அடித்துப்போட்டாற்போல் தூங்கினார்.

பொழுது சாயும் நேரம் குரு அவரை எழுப்பிக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். காலையில் சேறு தெரிந்த கிணற்றில் நாலு படி மூழ்கத் தண்ணீர் நின்றது. மேலே அந்தப் பதினோரு தென்னையும் காய்ந்த பாத்தியில் நின்றன.

"தண்ணி வந்திருச்சுங்க சாமி!"

"அது வருமுங்க" என்றார் குரு. "வர்றப்போ இறைக்கறதுக்கு மோட்டார் இருக்கோணும்."