கூப்பிடு தூரம்

குடியை விட்ட நூற்றுப் பன்னிரண்டாம் நாள், ஒரு சனிக்கிழமை, மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தலுக்குப் பின்னால் போய் இருதயராஜ் குடித்துவிட்டார். அப்போதுதான் அவரோடு மறுபடி வந்து சேர்ந்திருந்த மகள், விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நாள் அவர் வெளியே தலைகாட்டவில்லை. நான்காம் நாள் காலை நரிக்குன்றுக்குப் போனார்.

அவருக்குப் பாறை ஏறக் கற்றுக்கொடுக்கும் செண்பகவல்லி அங்கே கயிற்றை உதறிக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவளும் ஒரு காலத்தில் குடித்தவள்தான். குடியை விட்டவர்களுக்கு மட்டுமே கற்றுக்கொடுப்பாள்.

"ஷூவைத் திருப்பிக் கொடுக்க வந்தேன், டீச்சர்."

"ஏன் அண்ணே?"

"சனிக்கிழமை குடிச்சிட்டேன். நான் தேற மாட்டேன். இனிமே எந்த முகத்தோட வர்றது?"

"இன்னிக்குக் குடிச்சிருக்கீங்களா?"

"இல்லை. அன்னிக்கு அப்புறம் ஒரு சொட்டு தொடலை."

"அப்ப ஷூவை மாட்டுங்க."

அவருடைய இடுப்பு வாரில் கயிற்றை அவளே முடிந்து, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். கயிற்றின் மறுமுனை பாறை உச்சியிலிருந்த வளையத்தில் நுழைந்து அவள் பிடிக்கு இறங்கியது.

அவர் ஏறினார். லாரி ஓட்டிக் காய்த்த கைகள் பாறையை நன்றாகவே பற்றின. முப்பதடியில் கால் உதறத் தொடங்கியது. விரல்கள் வியர்த்து வழுக்கின. கீழே பார்க்கவும் பயம்.

"டீச்சர்! போகுது! பிடிங்க!"

கால் நழுவியது. ஒரு முழம்கூட இறங்கவில்லை. கயிறு விறைத்து நின்றது. அவர் அந்தரத்தில் ஆடினார்.

குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல அவள் அவரை மெல்ல இறக்கினாள். முழங்கை சிராய்த்திருந்தது. பாட்டில் தண்ணீரில் தன் துண்டை நனைத்து ஒற்றிவிட்டாள்.

மூச்சு அடங்கியதும் அவர் கேட்டார்.

"நான் தொண்ணூறு கிலோ. நீங்க அதுல பாதி. எப்படி டீச்சர் தாங்கினீங்க?"

"வெயில்ல கண்ணு கூசுச்சு. நீங்க எங்கே இருக்கீங்கன்னே தெரியலை. நீங்க கூப்பிட்டீங்க, நான் காலை ஊன்றிக்கிட்டேன்."

"கூப்பிடாம இருந்திருந்தா?"

அவள் துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்து காயத்தின் மேல் வைத்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"சனிக்கிழமையும் நான் இங்கேதான் இருந்தேன். ஏன் அண்ணே கூப்பிடலை?"