பிடி தேஞ்ச பட்டாளத்துக் கத்தி

"இந்தப் பிடியத் தட்டி எடுத்துட்டு புதுசு போடப் போறேன். பாவமில்லையே, குருவே?"

சபுரா வீட்டுக்கு வந்ததும் வராததுமா தேவசகாயம் கேட்டாரு.

ரிட்டையர் ஆகி குன்னூர்ல செட்டில் ஆனவரு. சபுரா அவரவிட இருபது வயசு சின்னவ. ஆனா பழைய பட்டாளத்துக் கத்தின்னா அவதான் அவருக்கு குரு. எந்தக் கத்தி எந்தக் காட்டுல புதர் வெட்டுச்சுன்னு இரும்ப மோந்தே சொல்லிடுவா!

மடியில இருந்த துணியப் பிரிச்சாரு. முழங்கை நீளத்துக்கு வெட்டுக்கத்தி. பர்மா சண்டைக்குப் போய் வந்தது. போன மாசம் சபுராவே அவருக்கு சும்மா குடுத்தது.

"பிடிக்கு என்ன கோளாறு?"

"கோணலாத் தேஞ்சு கெடக்கு. பெருவிரல் வைக்கிற எடத்துல வரிசையா மேடு பள்ளம். மத்த விரல் வைக்கிற பக்கம் ஒரே ஒரு குழி. கையில நிக்கவே மாட்டேங்குது. ஆசாரி வாசல்ல நிக்கிறாரு, உளியோட."

"கூட்டிட்டே வந்துட்டீங்களா!"

"கோவிச்சுக்காதம்மா. வீட்ல அலமாரி நெறைய கத்தி இருக்கு. ஒண்ணாவது என் கையில ஒட்டுதா? எதைத் தொட்டாலும் அடுத்தவன் வீட்டுச் சாமானத் தொட்ட மாதிரியே இருக்கு. இதுவும் ஒட்டலன்னா அத்தனையும் யாருக்காவது குடுத்துட்டு சும்மா உக்காந்துடுவேன்."

சபுரா டீ கிளாஸ நீட்டுனா.

தேவசகாயத்தோட இடது கை சட்டுன்னு முன்னாடி வந்துச்சு. சூடு பட்ட மாதிரி உடனே பின்னாடி போச்சு. வலது கையால வாங்குனாரு. கொஞ்சம் சிந்துச்சு.

"யாரு அடிச்சது?"

"எத?"

"அந்தக் கைய."

அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "யாரு அடிக்கல? அம்மா அகப்பையால. ரெண்டாங்கிளாஸ் வாத்தியாரு ஸ்கேலால. பீச்சாங்கைப் பயலேன்னு தெருவே கூப்பிட்டுச்சு. ஒருவழியா மாத்திட்டாங்க."

"டீயக் கீழ வைங்கண்ணே. கத்திய அந்தக் கையில பிடிங்க."

"இதுலயா?"

"அதுலதான்."

பிடிச்சாரு.

குழிக்குள்ள பெருவிரல் போய் உக்காந்துச்சு. அந்தப் பக்கம் நாலு விரலும் அதது பள்ளத்துல எறங்குச்சு. பஸ்ல யாரோ துண்டு போட்டு எடம் பிடிச்சு வச்ச மாதிரி!

அவரு கண்ணுக்குள்ள பர்மாக் காடு வந்துச்சு.

அடை மழை. அட்டை. மூங்கில் முள்ளு. ஒருத்தன் இதே மாதிரி இடது கையாலயே வெட்டி வெட்டி வழி போட்டிருக்கான். மரம் தேயுற வரைக்கும்.

"பேரு என்ன அவனுக்கு?"

"தெரியாது."

"இதுக்குத்தான் எனக்குக் குடுத்தியா?"

அவ சிரிச்சா.

வாசல்லருந்து குரல் வந்துச்சு. "சார், பிடியக் கழட்டலாமா?"

"நீங்க உள்ள வாங்க ஆசாரி. டீ குடிங்க. பிடிய யாரும் தொட வேணாம்."

சபுரா பக்கம் திரும்புனாரு.

"பிடியத் தேச்ச அந்தாளுக்கு நான் எப்படிம்மா நன்றி சொல்றது?"

"டீ ஆறுதுண்ணே."

கிளாஸ எடுத்து மறுபடி நீட்டுனா.

கத்திய மடியில வச்சுட்டு, தேவசகாயம் இடது கைய நீட்டுனாரு.