கடற்பசு மேய்த்த கரிப்பன்

ரொம்ப நாளைக்கு முன்னாலே, எந்தக் கரை எந்த ராஜாவுடையது என்று ராஜாக்களுக்கே தெரியாத காலத்திலே, சாத்தையன் என்று ஒருவன் இருந்தான். அவன் பெண்டாட்டி பவளாயி. இவர்களுக்குத் தரையில் வீடு கிடையாது, தோணிதான் வீடு. கரையோரமாகவே போய்த் துறைக்குத் துறை மண்பானை விற்பார்கள். காலையில் ஓங்கில் மீன்கள் தோணிக்கு முன்னால் துள்ளி ஓடும். மத்தியானம் ஆமைகள் தலையை நீட்டி எட்டிப் பார்க்கும். சாயங்காலம் கடற்பறவைகள் பாய்மரத்தில் உட்கார்ந்து எச்சமிடும், பவளாயி திட்டிக்கொண்டே கழுவுவாள்.

ஒரு நாள் இதுவரை பார்க்காத ஒரு குடாவுக்குள் தோணி நுழைந்தது. குடா வாயிலில் ஓங்கில்கள் திரும்பின. ஆமைகள் திரும்பின. பறவைகளும் திரும்பின. இவர்கள் திரும்பவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் இந்த இடம் வந்தால் நான் விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிட்டுக்கொள்வேன்.

உள்ளே கடற்பசுக்கள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. கொழுகொழுவென்று அறுபது எழுபது இருக்கும். ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

“மச்சான், எனக்கு இந்த இடம் பிடிக்கல. போயிடலாம்.”

“புல்லு திங்கிற ஜீவனுக்குப் போய் பயப்படுறியே புள்ள,” என்றான் சாத்தையன். நல்ல தண்ணீர் ஒரு குடம்தான் மிச்சம். அதனால் தோணிக்காரர்கள் எப்போதும் செய்கிற மாதிரி கடல் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்தான்.

அவ்வளவுதான். கைகள் துடுப்பாகக் குறுகின. கால்கள் வாலாக ஒட்டிக்கொண்டன. கத்த வாய் திறந்தான், வெறும் மூச்சுதான் வந்தது. தொபுக்கென்று தண்ணீரில் விழுந்து மந்தையோடு மந்தையாகக் கலந்துவிட்டான்.

“மேயட்டும், மேயட்டும், பொழுது சாயட்டும்,” என்று ஒரு குரல் கேட்டது. பாறைமேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். புருவமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அவன்தான் கரிப்பன் என்கிற மந்திரவாதி.

“என் வீட்டுக்காரரை விட்டுடு சாமி,” என்று கும்பிட்டாள் பவளாயி.

“பொழுது சாஞ்சா அவன் எல்லாத்தையும் மறந்துடுவான். அப்புறம் அவன் ஆயுசு எனக்கு. அதுக்குள்ள அவனைக் கண்டுபிடிச்சு ஒரு வாய் நல்ல தண்ணி கொடு, மந்திரம் உடைஞ்சிடும். வேற மாட்டுக்குக் கொடுத்தியோ, நீயும் இந்த மந்தையிலதான் மேயணும்.”

மந்திரவாதிகளுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. ரகசியத்தைச் சொல்லிக் காட்டாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது.

பவளாயி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாத் தலையும் நிமிர்ந்தன. எல்லாம் ஒரே கண், ஒரே மூக்கு, ஒரே மீசை.

“மேயட்டும், மேயட்டும், பொழுது சாயட்டும்.”

அவள் குடத்தைத் தூக்கிக் காட்டினாள். எல்லா வாயும் திறந்தன. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் மனிதர்தான் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

“மேயட்டும், மேயட்டும், பொழுது சாயட்டும்.”

சூரியன் தண்ணீரைத் தொடப் போகிறது. பவளாயி யோசித்தாள். கூப்பிட்டால் எல்லாம் வருகிறது, இவரைத் தானாக அல்லவா வரவைக்க வேண்டும்? தோணி பாறைப் பக்கம் சாய்ந்தால் தூக்கத்திலும் எழுந்து ஓடிவருகிற மனுஷன் அவன். அவள் நங்கூரத்தை இழுத்தாள், பாயை விரித்தாள், சுக்கானைக் கரிப்பன் உட்கார்ந்திருந்த பாறையை நோக்கியே திருப்பினாள்.

கரிப்பன் பாட்டை நிறுத்தினான்.

தோணி ஓடியது. மந்தை மேய்ந்தது. ஒன்றும் வரவில்லை. பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகள்கூடத் தெரிய ஆரம்பித்தன. இன்னும் ஒன்றும் வரவில்லை. தப்புப் பண்ணிவிட்டோம் என்று பவளாயி கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது அடியில் என்னவோ பலமாக முட்டியது. கண்ணைத் திறந்தாள். ஒரு கடற்பசு பாறைக்கும் தோணிக்கும் நடுவில் தன் முதுகைக் கொடுத்து நின்றது. தண்ணீரில் ரத்தம் பரவியது.

அவள் குனிந்து அதன் வாயில் நல்ல தண்ணீரை ஊற்றினாள். சூரியன் நகத்தளவுதான் மிச்சம்.

கடற்பசு மறுபடி சாத்தையனாக மாறி இருமியது. பாறைமேல் கரிப்பன் உப்புக் குவியலாகப் பொலபொலவென்று உதிர்ந்தான், அடுத்த அலை அதையும் வழித்துக்கொண்டு போனது. மந்தை இருந்த இடத்தில் ஆணும் பெண்ணுமாக மனிதர்கள் தத்தளித்தார்கள். கயிறு வீசி ஒவ்வொருவராக மேலே ஏற்றினார்கள். குடத்துத் தண்ணீர் எல்லோருக்கும் ஆளுக்கொரு மடக்குப் போய், கடைசி மடக்கு பவளாயிக்கு வந்தது.

கணவன் முதுகுக் காயத்தைக் கட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: “என்னை எப்படி மச்சான் அடையாளம் தெரிஞ்சுது?”

சாத்தையன் தயங்கினான். “தெரியல புள்ள. உன் பேரும் மறந்துபோச்சு, என் பேரும் மறந்துபோச்சு. யாரோ ஒரு பொம்பளை பாறையில மோதிச் சாகப்போறாளேன்னு மட்டும் தெரிஞ்சுது.”

பவளாயி கட்டின துணியின் முடிச்சைப் பிடித்தபடியே அழுதாள்.

அந்தத் தோணி அந்தக் கரையோரம் சுகமாகப் போனது. கேட்ட நீங்களும் சொன்ன நானும் இந்தக் கரையில் சுகமாக இருப்போம்.