நெற்றியில் ஒட்டிய வில்லை

தலை நரைத்த பிறகு படிக்க வந்தவர் டாக்டர் மருதநாயகம். சங்கரன்கோவிலில் அவர் கை பட்டுத் தேறாத பிள்ளைகள் குறைவு. இந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சிசு வார்டில் கற்றுக்கொடுத்த டாக்டர் ஷமீமாவுக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் கூச்சப்படாமல் "மேடம்" என்று அழைத்து, ஷமீமா போகும் இடமெல்லாம் பின்னாலேயே நடந்தார்.

அவர் கற்க வந்தது ஒரு சின்ன வில்லையைப் பற்றி. உயிருக்குப் போராடும் பச்சைப்பிள்ளையின் நெற்றியில் அதை ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் எலும்பைத் தாண்டி உள்ளே போகும். மூளைக்கு ரத்தம் போதுகிறதா என்று பார்த்துவந்து, திரையில் ஓர் எண்ணாகச் சொல்லும்.

அன்று காலை, பேச்சிசெல்விக்குப் பிறந்து ஒரு நாளே ஆன பெண்குழந்தையை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, ஷமீமா பிரசவ அறைக்கு ஓடினார்.

"ரீடிங் இறங்கினா உடனே கூப்பிடுங்க சார்."

இறங்கியது.

மருதநாயகம் குழந்தையைப் பார்த்தார். வென்டிலேட்டர் கொடுத்த மூச்சில் ரோஜா நிறமாகக் கிடந்தது. காலில் கட்டியிருந்த ஆக்ஸிஜன் கருவியும் குறை சொல்லவில்லை. நிறத்தைப் பார்த்தே இத்தனை வருஷம் வைத்தியம் செய்த கண் அவருடையது.

"பிள்ளை தங்கமா இருக்கு. இதுதான் சரியா ஒட்டல" என்று வில்லையைப் பிய்த்து, கொஞ்சம் தள்ளி ஒட்டினார். எண் ஏறவில்லை. மறுபக்கம் ஒட்டினார். அங்கேயும் அதே கதைதான்.

நர்ஸ் எஸ்தர் தயங்கினாள். "மேடத்தைக் கூப்பிடட்டுமா சார்?"

"பிரசவம் பாக்குறவங்களை ஸ்டிக்கர் ஒட்டவா கூப்பிடுவே?"

காதோரம், முடி அடர்ந்த இடத்தில், ஒட்டியும் ஒட்டாமலும் வைத்தபோது எண் மேலேறி நின்றது.

"பாத்தியா? ஒட்டுறதுக்கும் கைராசி வேணும்மா."

வாசலில் பேச்சிசெல்வி, நைட்டி மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, குலசாமி பேரை முணுமுணுத்தபடி நின்றாள்.

"நல்லா இருக்கா தாயி. கவலைப்படாதே."

அவள் சாமியை விட்டுவிட்டு அவரைக் கும்பிட்டாள்.

ஷமீமா திரும்பும்போது மத்தியானமாகிவிட்டது. வந்ததும் வில்லை இருந்த இடத்தைத்தான் பார்த்தார். அதை எடுத்து நெற்றியில் ஒட்டினார். எண் பாதாளத்தில் கிடந்தது.

ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். வென்டிலேட்டர் அளவுக்கு மீறி மூச்சை அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கிப்போயிருந்தன. வேகத்தைக் குறைத்ததும் எண் மெல்ல ஏறியது.

சாயங்காலம் குழந்தைக்கு வலிப்பு வந்தது.

அதை அடக்கிவிட்டு, டாக்டர்கள் இருவரும் எஸ்தரும் ஓய்வறைக்கு வந்தார்கள். மருதநாயகத்துக்கு மனசு ஆறவில்லை.

"எனக்கு நல்ல ரீடிங்தானே காட்டுச்சு மேடம்? மெஷின் எதுக்குப் பொய் சொல்லணும்?"

மறுநாள் ஆயுத பூஜை. திருஷ்டி கழிக்க வாங்கிய பூசணிக்காய் ஒன்று மூலையில் இருந்தது. ஷமீமா கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து, புது வில்லை ஒன்றைப் பிரித்து, அந்தக் காயின் மேல் ஒட்டினார்.

திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு ஓர் எண் வந்தது. காலையில் அவர் சந்தோஷப்பட்டாரே, கிட்டத்தட்ட அதே எண்.

சிரிக்கப் போன எஸ்தர் சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இதுவும் நல்லா இருக்கு சார்" என்றார் ஷமீமா.

மருதநாயகம் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பிழைச்சுக்குவாளா?"

"பிழைச்சுக்குவா. நடப்பாளா, பேசுவாளான்னு இப்ப சொல்ல முடியாது. அல்லாதான் அறிவான்."

"நல்லா இருக்கான்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே. கையெடுத்துக் கும்பிட்டா மேடம்."

"ம்."

"நீங்க சொன்னா தாங்கிக்குவா. உங்களுக்குப் பக்குவமா சொல்ல வரும். நான் அப்புறமா, சொந்தக்காரங்க கூட்டம் கலைஞ்சதும் போய்ப் பாக்குறேனே?"

ஷமீமா எழுந்து கதவைத் திறந்து பிடித்தார்.

"நான் பின்னாடி நிக்கிறேன். நீங்க அவங்களுக்கு நேர் முன்னாடி போய் நில்லுங்க சார். அழுவாங்க. திட்டுவாங்க. இடம் மாறிடாதீங்க."