கடைசியாக இறங்கிய ராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னால், மீன்களுக்குப் பேச்சு வந்த காலத்தில், அல்லியூர் என்றொரு நாடு. அதற்கு ஒரே ஓர் ஏரி. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ராஜா மகுடவர்மன் ஒருநாள், "இந்த ஏரி எனக்கு" என்றான். காவல்காரர்கள் ஈட்டியோடு சுற்றி நின்றார்கள். தச்சன் சடையன் வேலி அடித்தான். மனசில்லை, ஆனாலும் அடித்தான். அவன் பெண்டாட்டி குருவம்மா மட்டும் குடத்தோடு வேலியைத் தாண்டினாள்.

ஏரிக்குள் குடியிருந்த மந்திரவாதி கூகையன் வேலியைக் கண்டு கோபத்தோடு எழுந்து வந்தான். கோலை ஒரு சுற்றுச் சுற்றினான். ராஜா முள்துடுப்புக் கருமீன் ஆனான். காவல்காரர்கள் அயிரை மீன்கள் ஆனார்கள். சடையன் கெண்டை. அத்தனை பேரையும் ஏரி மண்ணும் கல்லுமாக ஒரு கண்ணாடிக் குடுவையில் அள்ளி, குருவம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

குடுவை சின்னது. அதற்குள்ளும் ராஜா ராஜாதான். "இந்தக் கல் எனக்கு. இந்த மூலை எனக்கு." கிட்டே வந்தவனின் வாலைக் கடித்தான். சடையனுக்குப் பாதி வால் போயிற்று.

குருவம்மா ஏரிக்கரையில் நின்று அழுதாள். கூகையன் அறை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொடுத்தான்.

"எல்லாரும் இதில் வாழவேண்டும். கடைசி மீன் இறங்கியபின் வரும் பௌர்ணமியில் அத்தனை பேரும் உயிரோடிருந்தால் சாபம் தீரும். ஒருத்தன் செத்து மிதந்தாலும், மற்றவர்கள் என்றைக்கும் மீன்தான்."

குருவம்மா சுத்தக்காரி. தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கூழாங்கல்லை வெந்நீரில் அலசினாள். தண்ணீர் பளிங்குபோல் நின்றது.

"முதல்ல என்னை எறக்கிப் பாரு" என்றான் சடையன்.

இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் அவன் மேலே வந்து வாயைப் பிளந்தான். இரண்டு கையாலும் அள்ளிக் குடுவைக்குள் விட்டாள்.

"குருவு, தண்ணி மின்னுது. ஆனா உசுரில்லாத தண்ணி. குடுவை அடியில கிடக்குற எங்க மண்ணை எடுத்துப் போடு."

"அந்த அழுக்கையா?"

"அந்த அழுக்குலதான் நாங்க பிழைச்சுக் கிடக்கோம்."

பாதி மண்ணையும், பாசி பிடித்த கல்லையும் தொட்டியில் போட்டாள். காத்திருந்தாள்.

கூகையன் வந்தான். "தொட்டி பெருசு. ஏன் இன்னும் வெறும் தண்ணீர்?"

"தண்ணி இன்னும் முழிக்கலை."

பாசி படர்ந்தது. அயிரைகளை இறக்கினாள். பிரிந்தால் பயத்திலேயே சாகிற சாதி. அதனால் ஒன்றாகவே இறக்கினாள்.

கூகையன் வந்தான். "தொட்டி பெருசு. மிச்சத்தையும் கொட்டேன்."

"வந்தவங்க பழகட்டும்."

பிறகு சடையனை இறக்கினாள்.

கூகையன் வந்தான். "தொட்டி பெருசு. ராஜாவைக் காக்க வைக்கிறாயே, பயமில்லையா?"

"ராஜாதான். அதனாலதான் கடைசி."

குடுவைக்குள் ராஜா குதித்தான். "ஏய்! நான்தான் முதலில் போகவேண்டும்!"

"முதல்ல போனா தொட்டி முழுக்க எனக்குன்னு சொல்லுவீங்க. பின்னால வர்றவனுக்கு வாலு மிஞ்சாது. சும்மா இருங்க."

ராஜா கத்தினான். கடிக்க ஆளில்லை. கத்துவதைக் கேட்கவும் ஆளில்லை. ஒருநாள் கத்தல் நின்றது.

"குருவம்மா, அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்?"

"ஆளுக்கொரு இடம் பார்த்துக் குடியிருக்காங்க."

அன்றைக்குத்தான் அவனை இறக்கினாள்.

ராஜா துடுப்பை விரித்துக்கொண்டு போனான். ஒரு கல்லடியில் அயிரைகள். ஒன்றையொன்று ஒட்டி நின்றன, நகரவில்லை. அடுத்த கல்லடியில் பாதி வாலோடு சடையன். அவனும் நகரவில்லை. ராஜா வாயைத் திறந்தான். ஒரு கடி போதும், எல்லாம் முடிந்துவிடும். குருவம்மா கண்ணாடியில் கையை வைத்தபடி நின்றாள்.

ராஜாவின் துடுப்பு மெல்ல மடிந்தது.

"சடையா, எனக்கு ஓர் இடம் கொடுப்பாயா?"

சடையன் கொஞ்சம் ஒதுங்கினான். "வாங்க."

பௌர்ணமி வந்தது. ஒருத்தரும் சாகவில்லை. தொட்டி விரிந்து வெடித்தது. வெள்ளத்தின் நடுவே மனிதர்கள் எழுந்து நின்றார்கள். சடையனுக்கு ஒரு கால் மட்டும் இழுத்தது. குருவம்மா அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

ராஜா தன் கையாலேயே வேலியைப் பிடுங்கினான். மறுநாள் ஏரிக்கரையில் வரிசை நின்றது. முதல் குடம் குருவம்மாவுடையது. ராஜா கடைசியில் நின்றான்.

அவ்வளவுதான். ஏரி இருக்கிறது, வேலி இல்லை. எழுந்து போங்கள்.