வாசலில் வைத்த கண்ணி

அந்தக் காலத்தில் மிருகங்களுக்குப் பேச்சு இருந்தது. பேசி என்ன, பசி எல்லோருக்கும் ஒன்றுதான். மனிதன் முயலைத் துரத்தினான், முயல் ஓடியது. துரத்தித் துரத்தி மனிதனுக்கு அலுத்துப்போனது. ஓடி ஓடி முயலுக்கும் அலுத்துப்போனது. கடைசியில் இரண்டு பக்கத்தாரும் ஓடைக்கரையில் உட்கார்ந்து ஒரு பேச்சுக்கு வந்தார்கள்.

தடத்தில் கண்ணி வைக்கலாம், மேய்ச்சலில் வைக்கலாம். வைத்தவன் பொழுது கிளம்புமுன் வந்து பார்த்துவிட வேண்டும், மாட்டியதைக் கிடந்து துடிக்க விடக்கூடாது. வளை வாசலில் மட்டும் யாரும் கண்ணி வைக்கக்கூடாது. அப்போது முயல்களும் மண்ணைத் தோண்டி வளையில்தான் குடியிருந்தன. குட்டிகள் முடியில்லாமல், கண் திறக்காமல், கட்டைவிரல் அளவுக்குப் பிறக்கும். பத்து நாளாவது உள்ளே கிடந்தால்தான் பிழைக்கும்.

மொக்கையன் என்று ஒரு வேட்டைக்காரன். நல்லவன்தான், பாவம். முப்பது கண்ணி வைத்திருந்தான். விடியுமுன் மேடும் பள்ளமுமாக நடந்து முப்பதையும் பார்த்துவிட்டுத்தான் கஞ்சியில் கை வைப்பான். அப்படி நடந்த காலில் ஒருநாள் கருவேல முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. குதிகால் சீழ் வைத்து வீங்கியது. மூன்று நாளாக வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"நாலு எட்டு வைக்க முடியல, ஆண்டிச்சி. உடம்பு ஓஞ்சு போச்சு," என்றான் பெண்டாட்டியிடம்.

"அதுக்கு நான் என்ன செய்ய? எனக்குந்தான் ஓஞ்சு போச்சு," என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மொக்கையன் நொண்டிக்கொண்டே வெளியே போனான். வீட்டுக்குப் பக்கத்து மேட்டில் ஒரு வளை இருந்தது. தாய் முயல் மேயப் போயிருந்தது. 'ஒரே ஒரு நாள்தானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இப்படிச் சொல்லிக்கொள்ளாமல் எவன் தப்புச் செய்திருக்கிறான்? வாசலிலேயே முளையடித்துக் கண்ணியைக் கட்டிவிட்டு வந்து படுத்தான்.

முள் குத்திய காலால் காய்ச்சல் வந்து அடித்துப்போட்டுவிட்டது. கண் விழித்தபோது உச்சி வெயில். பதறிக்கொண்டு போய்ப் பார்த்தான்.

தாய் முயல் கயிற்றில் மாட்டி, உயிர் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, சுட்டுக் கிடந்த மண்ணில், அதன் மூன்று குட்டிகளும் செத்துக் கிடந்தன.

"வாசல்ல வைக்கக் கூடாதுன்னு பேசினமே அண்ணே," என்றது முயல். அதற்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"முள்ளு குத்திருச்சு தாயி. நடக்க முடியல."

"எனக்கும் நடக்க முடியலண்ணே. ஒரு சாண் கயிறு பத்தல."

மொக்கையன் குனிந்து குட்டிகளைப் பார்த்தான்.

"பால் குடுக்க வந்தேன், மாட்டிக்கிட்டேன். பசியில அழுதுச்சுக. உள்ளயே கெடங்க, வெளிய வராதீகன்னு கத்தினேன். கண்ணு தெரியாத புள்ளைக. என் சத்தம் கேட்ட பக்கமாவே வந்துருச்சுக."

மொக்கையன் கயிற்றை அறுத்தான். மூன்று குட்டிகளையும் அந்த வளைக்குள்ளேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடும்போது வாய்விட்டு அழுதான்.

"வேற வளை தோண்டிக்க, தாயி. இனி ஒருத்தனும் வாசல்ல வைக்க மாட்டான். நான் பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம்ண்ணே. வாசல்னு ஒண்ணு இருந்தாத்தானே அதுல கண்ணி."

முயல் புல்லுக்குள் போய்விட்டது. மொக்கையன் வெறுங்கையோடு வீடு திரும்பினான். கால் ஆறியதும் அவன் ஊர் ஊராகப் போய், நடந்ததை வேட்டைக்காரர்களிடம் ஒளிக்காமல் சொன்னான். சிலர் கேட்டார்கள், சிலர் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

அந்த முயல் மறுபடி சூலானபோது, நாள் வந்தும் குட்டிகளை இறக்கவில்லை. அவற்றுக்கு முடி முளைக்கட்டும், கண் திறக்கட்டும் என்று வயிற்றிலேயே சுமந்தது. முதுகு வலித்தது, கால் வீங்கியது. அப்படியும் சுமந்தது. மற்ற முயல்களும் அதைப் பார்த்து அப்படியே செய்தன.

அன்று முதல்தான் காட்டு முயலுக்கு வீடு இல்லை. அதன் குட்டி வெட்டவெளியில், உடம்பெல்லாம் முடியோடு, திறந்த கண்ணோடு பிறக்கிறது. தாய் எங்கோ தள்ளி இருந்துவிட்டு, இருட்டியபின் ஒருதரம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறது. குரல் கொடுத்துக் கூப்பிடுவதே இல்லை.